டால்கம் பவுடரும் புற்றுநோயும்: அமெரிக்காவில் இழப்பீட்டு வழக்குக்கு எப்படித் தயாராவது?

அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தபின், ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் டால்கம் பவுடர்தான் அதற்குக் காரணம் என்று நியூ ஜெர்சியில் அவள் போட்ட வழக்குக்கான காகிதங்களைச் சேர்த்தவள் நான். அதன்பிறகு எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கும் கூடமாட உதவியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். டி.வி. விளம்பரத்தில் பார்த்த நம்பருக்கு முதல் வேலையாகப் போன் போட்டுவிட்டார்கள். என் கணக்கில் வக்கீலைக் கூப்பிடுவது ஆறாவது வேலை. அதற்கு முன்னால் உள்ள ஐந்தையும் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம், ஆஸ்பத்திரிக் காகிதங்கள் கைக்கு வர மட்டும் கூடுதல் நாள் ஆகலாம். காலக்கெடு நெருங்கியிருந்தால் மட்டும் இந்த வரிசையை விட்டுவிட்டு நேரே வக்கீலிடம் போங்கள்.

நான் வக்கீல் அல்ல. உங்கள் மாநிலத்தில் என்ன சட்டம் என்பதை வக்கீல்தான் உறுதி செய்ய வேண்டும்.

1. எந்தப் புற்றுநோய் என்று காகிதத்தில் பாருங்கள்

நம் வீடுகளில் அடிவயிற்றில் எது வந்தாலும் "கர்ப்பப்பை கேன்சர்" என்று சொல்லிவிடுகிறோம். இந்த வழக்கில் அந்த ஒரு சொல்லே ஆளைக் கவிழ்த்துவிடும். கர்ப்பப்பை வேறு, கர்ப்பப்பை வாய் வேறு, சினைப்பை வேறு. பவுடர் வழக்குகளில் பெரும்பாலானவை சினைப்பை, சினைக்குழாய், வயிற்று உள்ளுறை ஆகிய இடங்களில் தோன்றிய புற்றுநோய்களைப் பற்றியவை.

இன்னொரு வகை மீசோதெலியோமா. நுரையீரலைச் சுற்றிய உறையிலோ வயிற்று உறையிலோ வருவது, ஆஸ்பெஸ்டாஸ் இழையோடு தொடர்புடையது. பவுடரின் மூலப்பொருளான டால்க், ஆஸ்பெஸ்டாஸ் ஆகிய இரண்டு கனிமங்களும் பூமிக்கடியில் அருகருகே கிடைக்கக்கூடியவை என்பதால் இந்தக் கேள்வியே எழுந்தது. மீசோதெலியோமா என்றால் பாதையே மாறிவிடும். அந்த வழக்குகள் பெரும்பாலும் மாநில நீதிமன்றங்களில் நடக்கின்றன, காலக்கெடுவும் தனியாக இருக்கலாம், பார்க்கும் வக்கீல்களும் வேறு. நோய் வேகமாக முற்றும் என்பதால் ஒரு நாளைக்கூடத் தள்ளாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை நம்ப வேண்டாம், திசுவைப் பரிசோதித்து எழுதிய பேத்தாலஜி ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். அதில் "ஃபைனல் டயக்னோசிஸ்" என்ற தலைப்புக்குக் கீழே இருக்கும் வரிதான் முக்கியம். அக்காவுடையதில் "ஹை கிரேட் சீரஸ் கார்சினோமா" என்று இருந்தது. எண்டோமெட்ரியாய்டு, கிளியர் செல், மியூசினஸ் என்று வேறு வகைகளும் உண்டு. எந்த வகை என்பதைப் பொறுத்து வழக்கின் பலம் மாறும். மியூசினஸ் என்றால் சில வக்கீல்கள் தயங்குவார்கள்.

2. காலக்கெடுவைக் கணக்குப் போடுங்கள்

இதை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் தேதி தவறினால் வழக்கே கிடையாது என்பதுதான். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, டெக்சாஸ், பென்சில்வேனியா ஆகியவற்றில் பொதுவாக 2 ஆண்டு. நியூ யார்க்கில் 3 ஆண்டு. டென்னசியில் 1 ஆண்டுதான்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சிக்கல். பல மாநிலங்களில், நோய்க்கு இன்னொருவரின் தவறு காரணமாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ எண்ணுவார்கள். அந்தத் "தெரிந்திருக்க வேண்டிய" என்ற சொல்லைத்தான் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். 2016 முதலே செய்தியில் வந்ததே, விளம்பரம் ஓடியதே, ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்பார்கள். ஆகவே நோய் உறுதியான தேதியிலிருந்து எண்ணி, அந்தக் கெடுவுக்குள் மனு போய்ச் சேரும்படி பாருங்கள். அந்தத் தேதி தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவுகட்டிக் கைவிட்டுவிடவும் வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியவர் வக்கீல்.

பிரிட்டனில் இருக்கும் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 2025 அக்டோபரில் சுமார் 3,000 பேர் சார்பில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அங்கே 3 ஆண்டுக் கெடுவோடு, பொருள் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டு என்ற இன்னொரு வரம்பும் உண்டு. இந்தக் கட்டுரையின் மற்ற படிகளில் பாதிதான் அங்கே பொருந்தும்.

3. பவுடர் வரலாற்றை எழுதுங்கள், எதையும் படிப்பதற்கு முன்

எல்லாரும் அவசரமாகத் தாண்டுவது இந்தப் படியைத்தான். வழக்கு நிற்பதோ விழுவதோ பெரும்பாலும் இதில்தான்.

வழக்கு முன்னேறினால் டெபொசிஷன் என்ற வாய்மொழி விசாரணை இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் மணிக்கணக்காகக் கேட்பார். எந்த ஆண்டு, எந்த வீடு, எந்தக் கடை, எந்த வாசனை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, உடம்பில் எந்த இடத்தில் என்று கேட்பார். விளம்பரங்களையும் தீர்ப்புகளையும் படித்தபிறகு எழுதினால், உங்களுக்கே தெரியாமல் அங்கே படித்தது உங்கள் நினைவோடு கலந்துவிடும். அதனால்தான் முதலில் எழுதச் சொல்கிறேன்.

ஆண்டை நேராகக் கேட்டால் யாருக்கும் வராது. வாழ்க்கையில் மறக்க முடியாத இடங்களில் முடிச்சுப் போடுங்கள். கல்யாணம், விசா, முதல் அபார்ட்மென்ட், பெரியவன் பிறந்தது, சொந்த வீடு வாங்கியது என்று ஒரு நீளக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பவுடரை எழுதுங்கள்.

அக்காவும் நானும் சமையலறை மேசையில் உட்கார்ந்து தொடங்கினோம். "எங்கே போடுவே?" என்று கேட்டேன். "எங்கேன்னா... உடம்புலதான்டி" என்றாள். அத்தான் ஹாலில் இருந்தார். அன்றைக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் அத்தான் வேலைக்குக் கிளம்பியதும், காப்பி டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள்: "குளிச்சிட்டு உள்ளாடை போடறதுக்கு முன்னாடி, தொடையிடுக்குல. வெயில் நாள்ல ரெண்டு வேளை. தீட்டு நாள்ல நாப்கின்லயும் கொஞ்சம் தூவிப்பேன்." இந்த மூன்று வாக்கியங்கள் இல்லாவிட்டால் வழக்கே இல்லை. சினைப்பை வழக்கில் பிறப்புறுப்புப் பகுதியில் தொடர்ந்து பவுடர் போட்டதைத்தான் காட்ட வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் போட்டது இதில் சேராது.

ஆகவே கேட்பவர் பெண்ணாக இருக்கட்டும். கணவரும் மகனும் அறையில் வேண்டாம். மகனிடம் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு அம்மா "முகத்துக்கு மட்டும்தான்" என்று சொல்லி, மகனும் அதையே வக்கீல் அலுவலகப் படிவத்தில் எழுதி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். பிறகு திருத்தினால், வழக்குக்காகக் கதையை மாற்றியது போலத் தெரியும்.

இவற்றையும் கட்டாயம் எழுதுங்கள்:

- டால்க்கா, கார்ன்ஸ்டார்ச்சா? ஜான்சன்ஸ் பேபி பவுடரில் சோளமாவு வகையும் 1980-களிலிருந்தே அமெரிக்கக் கடைகளில் இருந்தது. அதை மட்டும் வாங்கியிருந்தால் டால்க் வழக்கு இல்லை.
- எந்தப் பெயர்? பேபி பவுடரா, ஷவர் டு ஷவரா? இரண்டாவது 2012-இல் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதனால் ஆண்டு முக்கியம்.
- எங்கே வாங்கியது? ஊரிலிருந்து பெட்டியில் வந்த டப்பாக்களைத் தனியாக எழுதுங்கள். இந்தியாவில் வாங்கியதை அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுத்துவது தனிச் சிக்கல். அமெரிக்கக் கடையில் வாங்கிய ஆண்டுகள்தான் இங்கே மனுவைத் தாங்கும்.
- குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் எப்போது? நம் பெண்கள் பலர் இரண்டாவது பிரசவத்தோடு அதைச் செய்துகொண்டவர்கள். பவுடர் துகள் பிறப்புறுப்பு வழியே சினைக்குழாயில் மேலேறிச் சினைப்பையை அடைகிறது என்பது வாதியின் வாதம். குழாயைக் கட்டியபின் எப்படி ஏறும் என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்கு முன்னால் எத்தனை ஆண்டு போட்டீர்கள் என்பதுதான் அப்போது விடை. மறைத்தால் மருத்துவக் காகிதத்திலிருந்து வெளியே வந்துவிடும்.

நினைவில் இல்லாததற்கு "நினைவில்லை" என்றே எழுதுங்கள். வக்கீலை வைப்பதற்கு முன் நீங்களாக எழுதியதை எதிர்த்தரப்பு கேட்டு வாங்க வாய்ப்பு உண்டு. அதைப் படிப்பது அவர்களாகவே இருந்தாலும் நிற்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

4. டப்பா இருந்தால் தொடாதீர்கள்

அலமாரியின் மூலையில் பழைய டப்பா கிடந்தால் திறக்க வேண்டாம், குலுக்க வேண்டாம், "விஷம்" என்று குப்பையில் போடவும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். அடியிலோ கழுத்திலோ அச்சிட்ட லாட் நம்பர் (தயாரிப்புத் தொகுதி எண்) தெளிவாகத் தெரியும்படி ஒன்று எடுங்கள். பிறகு ஜிப் பையில் போட்டு, யார் எந்தத் தேதியில் எங்கிருந்து எடுத்தது என்று மேலே எழுதி மூடி வையுங்கள். பரிசோதனைக்கு அனுப்ப நேர்ந்தால், இடையில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்ட வேண்டியிருக்கும்.

லாட் நம்பருக்கு மதிப்பு உண்டு. 2019 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பரிசோதித்த ஒரு டப்பாவில் ஆஸ்பெஸ்டாஸின் சுவடு தெரிந்ததாகச் சொல்லப்பட்டு, ஒரு லாட்டைச் சேர்ந்த சுமார் 33,000 டப்பாக்களை நிறுவனம் திரும்பப் பெற்றது. 2020 மே மாதம் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் பேபி பவுடர் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது.

டப்பா இல்லையா? பெரும்பாலோரிடம் இல்லை, அதனால் வழக்கு கெடாது. பழைய ஆல்பத்தைப் புரட்டுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் போட்டோவில், பின்னால் அந்த வெள்ளை டப்பா நிற்பதுண்டு. கடை மெம்பர்ஷிப் கார்டின் வாங்கிய பட்டியலைக் கேளுங்கள். வீட்டில் சேர்ந்து வாழ்ந்த அம்மா, தங்கை, அறைத்தோழி யாராவது பார்த்ததைச் சொல்ல முடியுமா என்று பெயரைக் குறித்து வையுங்கள்.

5. மருத்துவக் காகிதங்களையும் திசுவையும் காப்பாற்றுங்கள்

ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். நோயாளியின் மருத்துவத் தகவல் உரிமையைக் காக்கும் ஹிப்பா சட்டப்படி பொதுவாக 30 நாளுக்குள் தர வேண்டும். ஆஸ்பத்திரி இணையதளப் போர்ட்டலில் பிரின்ட் எடுத்தது முழுமையாக இருக்காது. கேட்க வேண்டியவை: ஆபரேஷன் ரிப்போர்ட், பேத்தாலஜி ரிப்போர்ட், ஆன்காலஜி டாக்டரின் முதல் குறிப்பு, பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை முடிவு, பழைய மகப்பேறு டாக்டரின் ஃபைல்.

மரபணு முடிவை ஏன் இப்போதே வாங்க வேண்டும்? அந்த மரபணுக் கோளாறு இருந்தால் நோய்க்கு அதுதான் காரணம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். வழக்கு அதனால் முடிந்துவிடாது என்றாலும், உங்கள் வக்கீலுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

இனி, யாரும் சொல்லித்தராத ஒன்று. ஆபரேஷனில் எடுத்த திசுவை மெழுகுக் கட்டியாக்கி வைத்திருப்பார்கள். அதை பிளாக் என்பார்கள். மத்திய விதிப்படி ஆய்வகம் பிளாக்கைக் குறைந்தது 2 ஆண்டும், ஸ்லைடை 10 ஆண்டும் வைத்திருந்தால் போதும். பல இடங்களில் அதைவிட நீண்ட நாள் வைப்பார்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். திசுவுக்குள் டால்க் துகள் இருக்கிறதா என்று எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க இந்த பிளாக்தான் வேண்டும். பேத்தாலஜி பிரிவுக்கு "என் பிளாக்குகளையும் ஸ்லைடுகளையும் அழிக்க வேண்டாம், சட்டக் காரணத்துக்காக வைத்திருக்கவும்" என்று இரண்டு வரிக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரிப்போர்ட்டில் உள்ள கேஸ் நம்பரை அதில் எழுதுங்கள். பிளாக்கை நீங்கள் போய் வாங்கி வராதீர்கள். அது ஆய்வகத்திலிருந்து ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

6. இப்போது வக்கீல்

விளம்பர நம்பரில் பேசுபவர் பெரும்பாலும் வக்கீல் அல்ல. பெயரும் நோயும் வாங்கி விற்கும் இடைநிலை நிறுவனமாகவும் இருக்கலாம். ஒரு பெண்மணி இரண்டு நம்பருக்குப் போன் செய்து, இரண்டு இடத்திலும் மின்கையெழுத்துப் போட்டு, கடைசியில் அவர் பெயரில் இரண்டு அலுவலகங்கள் உரிமை கொண்டாடின. அதை அவிழ்க்கவே பல மாதம் போனது. ஒரே இடத்தில்தான் கையெழுத்து, அதுவும் படித்தபிறகு.

கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. உங்கள் பெயர் மாநில பார் எனும் வக்கீல்கள் பதிவில் இருக்கிறதா? வழக்கை நீங்களே நடத்துவீர்களா, வேறு அலுவலகத்துக்கு அனுப்புவீர்களா? சதவீதம் எவ்வளவு? செலவைக் கழிப்பது சதவீதத்துக்கு முன்னாலா பின்னாலா? தோற்றால் செலவு யார் தலையில்?

ஜெயித்தால்தான் கட்டணம் என்ற முறைதான் வழக்கம். 33 முதல் 40 சதவீதம் வரை கேட்பார்கள். நியூ ஜெர்சியில் நீதிமன்ற விதியே முதல் 7,50,000 டாலருக்கு மூன்றில் ஒரு பங்குதான் என்று வரம்பு வைத்திருக்கிறது. முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். "வழக்கை நம்பி இப்போதே கடன் தருகிறோம்" என்று வரும் நிறுவனங்களை ஏறெடுத்தும் பார்க்காதீர்கள். வழக்கு இழுக்க இழுக்க வட்டியே இழப்பீட்டைத் தின்றுவிடும்.

வக்கீல் வந்தபின் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வழக்கைப் பற்றி எழுதுவதை நிறுத்துங்கள். முன்பு எழுதியதை அழிக்கவும் வேண்டாம். அழித்தால் சாட்சியத்தை அழித்ததாக ஆகும்.

7. மனு எங்கே போகிறது, என்ன நிரூபிக்க வேண்டும்

ஜான்சன் அண்ட் ஜான்சன் மீதான ஃபெடரல் வழக்குகள் 2016 முதல் நியூ ஜெர்சி மாவட்ட நீதிமன்றத்தில் எம்.டி.எல். (பல மாவட்ட வழக்குகளை ஒரே நீதிபதியிடம் சேர்க்கும் முறை) 2738 என்ற எண்ணில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 2025-இல் 60,000-க்கும் மேற்பட்டவை அங்கே இருந்தன. இது எல்லாருக்கும் சேர்த்து ஒருவர் போடும் கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கு அல்ல. ஆளுக்கொரு வழக்கு, விசாரணைக்கு முந்தைய வேலைகள் மட்டும் பொது. "யாரோ போட்டிருக்கிறார்களே, நமக்கும் சேர்த்து வரும்" என்று உட்கார்ந்திருந்தால் ஒன்றும் வராது. உங்கள் பெயரில் சுருக்க மனு தாக்கலாக வேண்டும். ஃபெடரல் நீதிமன்றத் தாக்கல் கட்டணம் 405 டாலர், வழக்கமாக வக்கீல் கட்டிவிடுவார். பிறகு பயன்பாடு, நோய், சிகிச்சை எல்லாம் கேட்கும் விவரப் படிவம் வரும். மூன்றாவது படியில் எழுதியது இங்கேதான் கைகொடுக்கும்.

எங்கே தாக்கல் செய்வது என்பதை வக்கீலிடம் காரணத்தோடு கேளுங்கள். 2016-இல் செயின்ட் லூயிஸில் அலபாமாவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு 72 மில்லியன் டாலர் தீர்ப்பானது. அவருக்கும் மிசூரிக்கும் தொடர்பில்லை என்பதால் அடுத்த ஆண்டு அது ரத்தானது. 2018-இல் அதே நகரத்தில் 22 பெண்களுக்கு 4.69 பில்லியன் கொடுத்த தீர்ப்பும் மேல்முறையீட்டில் 2.12 பில்லியனாகக் குறைந்தது. செய்தியில் வந்த தொகையை வைத்து வீட்டில் கணக்குப் போடாதீர்கள்.

அறிவியல் பக்கமும் நேர்மையாகத் தெரிந்திருக்க வேண்டும். தன் டால்க் பாதுகாப்பானது, அதில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை, அது புற்றுநோய் தராது என்றுதான் நிறுவனம் சொல்லி வருகிறது. 2020-இல் சுமார் 2,50,000 பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, புள்ளியியல்படி உறுதியான தொடர்பைக் காணவில்லை. 2024-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டால்க்கை மனிதருக்குப் புற்றுநோய் தரும் சாத்தியம் மிகுந்த 2ஏ பிரிவில் வைத்தது. உங்கள் வக்கீல் இரண்டு படி ஏற வேண்டும். டால்க் இந்த நோயைத் தரக்கூடியது என்பது ஒன்று, உங்களுக்குத் தந்தது அதுதான் என்பது இரண்டு. குடும்பத்தில் வேறு யாருக்கு நோய், உடல் எடை, ஹார்மோன் மாத்திரை என்று தனிப்பட்ட கேள்விகளெல்லாம் வருவது இந்த இரண்டாவது படியால்தான்.

8. நோயாளி காலமாகியிருந்தால்

பல மாநிலங்களில் மகனோ கணவரோ நேராகக் கையெழுத்துப் போட முடியாது. இறந்தவரின் சொத்துக்கான நிர்வாகியாக ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். நியூ ஜெர்சியில் அவர் வாழ்ந்த கவுன்ட்டியின் சரோகேட் அலுவலகத்தில் அது நடக்கும். தமிழ்நாட்டுத் தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழோடு அங்கே போய் நின்ற குடும்பத்தை எனக்குத் தெரியும். அது அந்த நியமனத்துக்கு ஈடாகாது. இறப்புச் சான்றிதழும், சம உரிமை உள்ள மற்ற வாரிசுகளின் விலகல் கடிதங்களும் கேட்பார்கள். ஊரில் இருக்கும் வாரிசின் கையெழுத்து முறையாகச் சான்றிடப்பட்டு வர வாரங்கள் ஆகும். முன்கூட்டியே தொடங்குங்கள்.

இறப்புக்கான வழக்குக்கு நியூ ஜெர்சியிலும் நியூ யார்க்கிலும் பொதுவாக இறந்த நாளிலிருந்து 2 ஆண்டு. பதினாறாம் நாள் முடிந்து, வருஷாப்தி முடிந்து என்று தள்ளினால் கெடுவில் பாதி போய்விடும்.

9. தொகை பேசும்போது

முழுப் பணமும் கைக்கு வராது. வக்கீல் பங்கு, செலவு, எல்லா வழக்குகளுக்கும் பொதுவான வேலையைச் செய்த வக்கீல்களுக்கான பிடித்தம் எல்லாம் போகும். சிகிச்சைக்குப் பணம் கட்டிய மெடிகேரும் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இன்ஷூரன்ஸும் தங்கள் பங்கைத் திரும்பக் கேட்கும். கையெழுத்துக்கு முன் "என் கைக்கு எவ்வளவு" என்று எழுத்தில் கேளுங்கள். உடல் பாதிப்புக்கான இழப்பீட்டுக்கு ஃபெடரல் வருமான வரி பொதுவாக இல்லை, நிறுவனத்தைத் தண்டிக்க விதிக்கும் தொகைக்கு உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவிகளான மெடிகெய்டு (மருத்துவம்), எஸ்.எஸ்.ஐ. (மாதப் பணம்) வாங்குபவர்கள் பணம் வங்கிக்கு வரும் முன்பே சொல்லிவிடுங்கள். மொத்தமாக வந்தால் அந்த உதவி நிற்கக்கூடும்.

10. காத்திருக்கும் காலத்தில்

நிறுவனம் தன் துணை அமைப்புகளைத் திவாலாக்கி வழக்குகளை அங்கே முடிக்க 2021, 2023, 2024 என்று மூன்று முறை முயன்றது. மூன்றும் நீதிமன்றங்களில் நிற்கவில்லை. மூன்றாவதை ஹூஸ்டன் நீதிபதி 2025 மார்ச் 31 அன்று நிராகரித்தார். ஒவ்வொரு முயற்சியின்போதும் வழக்குகள் தேங்கின. ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று முதல் நாளே வீட்டில் சொல்லிவையுங்கள்.

முகவரியும் போன் நம்பரும் மாறினால் அன்றே வக்கீலுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். படிவத்துக்குப் பதில் வராத வழக்குகள் தள்ளுபடி ஆகலாம். புதிய ஸ்கேன், நோய் திரும்பியது, கீமோ மாறியது என்று ஒவ்வொன்றையும் தேதியோடு அனுப்புங்கள். வழக்கு நடக்கும்போதே வாதி இறந்தால், அது நீதிமன்றத்தில் பதிவான நாளிலிருந்து 90 நாளுக்குள் அவர் இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவர மனு போட வேண்டும். ஆகவே வீட்டில் இன்னொருவருக்கு வக்கீலின் பெயரும் வழக்கு எண்ணும் தெரிந்திருக்கட்டும். அக்கா அவற்றை ஒரு அட்டையில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில், கீமோ தேதிகளுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். கீழே என் நம்பரும் இருக்கிறது.